வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புத்தண்ணீரில் சீனி எதற்கு? அப்பாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வேறு!

பாயான்பாரு அம்மா
ஞாயிறு, காலை 6:48

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண விருந்துக்குப் போய் வந்ததிலிருந்து அப்பாவுக்கு வயிறு சரியில்லை. நேற்று மட்டும் ஒன்பது தடவை. கிளினிக்கில் ஓஆர்எஸ் (போன உப்பையும் நீரையும் ஈடுகட்டக் குடிக்கும் கலவைத் தூள்) பொட்டலம் பத்து கொடுத்து, கலக்கிக் குடிக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பொட்டலத்தின் பின்பக்கம் படித்தால் எல்லாவற்றையும்விட அதிகமாக இருப்பது க்ளூக்கோஸ்! அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டார். "பதினெட்டு வருஷமாகத் தேத்தண்ணீரில் ஒரு கரண்டி சீனி போட விடாதவள் இப்போது மருந்து என்று சீனியைக் கலக்கித் தருகிறாயே" என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். 73 வயது, பிடிவாதம் சொல்ல வேண்டியதில்லை. சும்மா தண்ணீரில் உப்பு மட்டும் போட்டுக் கொடுத்தால் போதாதா? உப்புதானே போகிறது, சீனி எதற்கு? காரணம் தெரிந்தால் அவரிடம் சொல்லிப் பார்ப்பேன். "டாக்டர் சொன்னார்" என்றால் கேட்கமாட்டார்.

ராத்திரி ஷிஃப்ட் மிஸ்ஸி
ஞாயிறு, காலை 7:15

அக்கா, நான் நர்ஸ், இப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். சீனி இல்லாமல் அந்த உப்பு குடலுக்குள் சரியாக ஏறாது. உப்பு ஏறாவிட்டால் தண்ணீரும் ஏறாது. அதற்காகத்தான் சீனி, ருசிக்காக இல்லை, தெம்புக்காகவும் இல்லை. அளவும் அப்பா நினைக்கிற மாதிரி இல்லை. ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் க்ளூக்கோஸ், அதாவது 200 மில்லி டம்ளருக்கு 2.7 கிராம். கடையில் குடிக்கிற ஒரு தே தாரிக்கில் (பால் தேநீரில்) இதைப்போலப் பல மடங்கு இருக்கும். உப்பு மட்டும் போட்ட தண்ணீர் கொடுக்காதீர்கள், அதுவும் கண்ணளவில் போட்டுக் கொடுக்கவே கூடாது. பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவிலேயே கலக்குங்கள். சீனி அளவை வீட்டில் குத்திப் பார்த்துக்கொண்டே இருங்கள். அவர் சிறுநீர் போகிறாரா, நாக்கு காய்கிறதா என்று பாருங்கள். தலைசுற்றல், மயக்கம், மலத்தில் இரத்தம் என்றால் இழையில் எழுதிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஜெருக் வியாபாரி
ஞாயிறு, காலை 8:02

மிஸ்ஸி சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நான் இருபது வருஷமாக ஜெருக் (உப்பிலும் சீனியிலும் ஊறவைத்த பழம்) போடுகிறேன். மாங்காயைச் சீவி உப்புப் பிசறி வைத்தால் இரண்டு மணி நேரத்தில் அடியில் தண்ணீர் நிற்கும். துண்டை எடுத்து வளைத்தால் உடையாது, தோல் வார் மாதிரி வளையும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சீனி போட்டால் மறுபடியும் தண்ணீர் விடும். ஜாதிக்காயும் அப்படித்தான். ஆக உப்பும் சீனியும் உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியேதான் இழுக்கின்றன. அப்படியிருக்க, குடலுக்குள் உப்பும் சீனியும் போனால் உடம்பில் இருக்கிற தண்ணீர் குடலுக்கு அல்லவா வரவேண்டும்? போக்கு இன்னும் கூடாதா? வாதம் செய்ய வரவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

குழம்பிய படிவம் நாலு
ஞாயிறு, காலை 8:20

அங்கள் கேட்டது எங்கள் உயிரியல் புத்தகத்தில் மூன்றாவது பாடம்!! உருளைக்கிழங்கைக் கீறி சுக்ரோஸ் கரைசலில் போட்டு அளந்து பார்த்தோம், என்னுடையது ஐந்து சென்டிமீட்டரிலிருந்து 4.6 ஆகிவிட்டது. ஆனால் மிஸ்ஸி சொன்னது புத்தகத்தில் இல்லையே. அதில் க்ளூக்கோஸ் போவது 'ரெசாப்பான் பெர்பந்து' (புரத வாசல் வழியாக நடக்கும் பரவல்), அதற்குச் சக்தி வேண்டாம் என்றுதான் இருக்கிறது. உப்போடு சேர்ந்துதான் போகும் என்று எங்குமே இல்லை. எது சரி? மாதாந்தத் தேர்வு வருகிறது. 🙏

ஆய்வகத் தாத்தா
ஞாயிறு, காலை 9:37

31 வருஷம் பள்ளி ஆய்வகத்தில் புட்டி கழுவிய கை இது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரித் தம்பி சொன்னது முழுக்கச் சரி. 'இழுக்கிறது' என்ற சொல்லில் மட்டும்தான் கோளாறு. உப்புக்குக் கையில்லை, எதையும் இழுக்காது. தண்ணீர்த் துகள்கள் சவ்வைத் தாண்டி இரண்டு பக்கமும் ஓயாமல் போய்வந்து கொண்டிருக்கின்றன. வெளியே உப்பு நிறைந்த தண்ணீர் இருந்தால் அங்கிருந்து உள்ளே வருவது குறையும், உள்ளேயிருந்து வெளியே போவது பழையபடி நடக்கும். கணக்குப் பார்த்தால் மாங்காய்க்கு நஷ்டம். இதுதான் சவ்வூடு பரவல், பள்ளிக்கூடத்தில் ஒஸ்மோசிஸ். ஆனால் இது நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் தாண்டலாம், கரைந்திருக்கும் பொருள் தாண்டக் கூடாது. உப்பும் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும், தண்ணீர் ஒரு பக்கமாகப் போக வேண்டிய அவசியமே இருக்காது.

உயிரோடு இருக்கும் மாங்காய்ச் செல்லின் சவ்வு உப்பைச் சுலபத்தில் உள்ளே விடாது. ஏன் விடாது என்றால், சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. கொழுப்பின் வால்கள் நடுவே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். தடிமன் ஒரு மில்லிமீட்டரை லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கைவிடக் குறைவு. மூச்சில் வரும் ஆக்சிஜன் அதற்குள் சும்மா புகுந்து போய்விடும். மின்னூட்டம் ஏறிய சோடியம் புக முடியாது. க்ளூக்கோஸும் பெரியது, தண்ணீரோடு ஒட்டிக்கொள்வது, அதுவும் புக முடியாது. புரதத்தால் ஆன வாசல் இருந்தால்தான் வழி.

இப்போது குடலுக்கு வாருங்கள். குடல் செல்லில் அந்த வாசல் இருக்கிறது, மாங்காய்த் துண்டில் அது இல்லை. ஜெருக்கில் உப்பு வெளியே தங்கிவிடுகிறது, அதனால் தண்ணீர் வெளியே வருகிறது. குடலில் உப்பும் சீனியும் வாசல் வழியாக உள்ளே போய்விடுகின்றன, அதனால் தண்ணீர் அவற்றின் பின்னால் உள்ளே போகிறது. விதி ஒன்றுதான், கரைபொருள் எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர்.

ஜெருக் வியாபாரி
ஞாயிறு, காலை 9:58

அப்படியென்றால் மூன்றாம் நாள் என் மாங்காய் உள்ளே வரை இனிப்பது எப்படி? சீனி உள்ளே போகாது என்கிறீர்களே.

ஆய்வகத் தாத்தா
ஞாயிறு, காலை 10:11

செத்துப் போச்சு தம்பி. அத்தனை உப்பில் அந்தச் செல் பிழைக்காது. சவ்வு கிழிந்தபின் காவல்காரன் இல்லாத வீடு, சீனி நேரே நடந்து உள்ளே போகிறது. நல்ல ஜெருக்கு என்பது மெதுவாகக் கொல்லப்பட்ட பழம்!

டியூஷன் ஆசிரியை, பட்டர்வொர்த்
ஞாயிறு, காலை 10:40

படிவம் நாலுத் தம்பிக்கு: உன் புத்தகமும் சரி, மிஸ்ஸியும் சரி. ஒரே குடல் செல்லில் இரண்டுமே நடக்கிறது. செல்லை ஒரு வீடாக வைத்துக்கொள், முன்வாசல் குடலைப் பார்த்து இருக்கிறது, பின்வாசல் இரத்தத்தைப் பார்த்து இருக்கிறது.

பின்வாசலில் இருந்து தொடங்குகிறேன், அப்போதுதான் புரியும். அங்கே ஒரு பம்ப். ஒரு ஏடிபியை (செல்லின் சக்தித் துகளை) செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். இது ராத்திரி பகலாக ஓடுவதால்தான் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு, வெளியே இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இதுதான் நீ படிக்கும் 'பெங்ஙாங்குத்தான் அக்திஃப்' (சக்தி செலவழித்துக் கடத்துவது). டென்மார்க்கில் யென்ஸ் ஸ்கோ என்பவர் 1957இல் நண்டுக் கால் நரம்பை அரைத்து வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார், நோபல் கைக்கு வர 1997 ஆனது. நாற்பது வருஷம்!

இப்போது முன்வாசல். உள்ளே சோடியம் குறைவாக இருப்பதால், குடலில் இருக்கும் சோடியம் உள்ளே விழத் துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அங்கே நிற்கும் எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம் இரண்டு சோடியமும் ஒரு க்ளூக்கோஸும் சேர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் உள்பக்கம் திறக்கும். சோடியம் மட்டும் வந்தால் நடக்காது, க்ளூக்கோஸ் மட்டும் வந்தாலும் நடக்காது. உள்ளே ஏற்கனவே க்ளூக்கோஸ் அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை, சோடியம் இறங்குகிற வேகத்தில் க்ளூக்கோஸை மேட்டில் ஏற்றிவிடும். இந்தக் கதவு நேரடியாக ஏடிபி கேட்காது, பின்வாசல் பம்ப் சேர்த்து வைத்த சரிவில்தான் ஓடுகிறது. உள்ளே வந்து குவிந்த க்ளூக்கோஸ் பின்வாசலில் வேறொரு புரதம் வழியாக, செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு, சும்மா இறங்கி இரத்தத்துக்குப் போகும். உன் புத்தகத்தில் இருக்கும் ரெசாப்பான் பெர்பந்து அந்தக் கடைசிப் படி. தேர்வில் புத்தகத்தில் உள்ளபடியே எழுது, புள்ளி அதற்குத்தான்.

பாயான்பாரு அம்மா
ஞாயிறு, காலை 11:05

டீச்சர், இதை அப்பாவிடம் வீடு, முன்வாசல் என்று அப்படியே சொன்னேன். "சீனி பம்புக்குப் பெட்ரோல் மாதிரியா" என்று கேட்டார். அப்படித்தானே?

டியூஷன் ஆசிரியை, பட்டர்வொர்த்
ஞாயிறு, காலை 11:19

நல்ல கேள்வி, ஆனால் இல்லை. பெட்ரோல் எரிந்துவிடும். இங்கே க்ளூக்கோஸ் எரிவதற்காக வரவில்லை, சோடியத்துக்குத் துணையாக வருகிறது. க்ளூக்கோஸ் மாதிரியே உருவம் உள்ள, ஆனால் உடம்பால் எரிக்க முடியாத சர்க்கரைகள் உண்டு. அவற்றைக் கொடுத்தாலும் இந்தக் கதவு திறக்கும். ஜோடியாக வந்தால் மட்டும் உள்ளே விடும் இடம் என்று சொல்லிப் பாருங்கள், கல்யாண விருந்துக்குப் போய் வந்தவருக்குப் புரியும். 😄

பினாங்கு வாசகன்
ஞாயிறு, பகல் 12:30

வரலாறு பிடிக்கும் என்பதால் நுழைகிறேன். இந்த ஜோடிக் கதவு யோசனையை ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960 ஆகஸ்ட்டில் பிராகில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் முதலில் முன்வைத்தார். அது காகிதத்தில் இருந்த யோசனை. 1971இல் வங்கதேசப் போர் மூண்டு லட்சக்கணக்கான அகதிகள் இந்திய எல்லைக்குள் வந்தபோது, மேற்கு வங்கத்தின் பொங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது, தரையெல்லாம் நோயாளிகள். திலீப் மஹாலனோபிஸ் என்ற மருத்துவர் உப்பு, க்ளூக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் கலந்து, டிரம்மில் கரைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். அவருடைய பிரிவில் சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே வந்தது. 1978இல் லான்செட் இதழ் இதை இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. அவர் 2022இல் காலமானார், அடுத்த வருஷம் பத்ம விபூஷண் கிடைத்தது. உயிரோடு இருக்கும்போது கொடுக்க யாருக்கும் நேரமில்லை போல.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், காலரா நஞ்சு குடலின் குளோரைடு வாசலைத் திறந்துவிட்டுத் தண்ணீரைக் கொட்ட வைக்கிறது, உப்பு உள்ளே ஏறும் சாதாரண வழியையும் அடைத்துவிடுகிறது. ஆனால் இந்த ஜோடிக் கதவை அது தொடுவதில்லை. எல்லாக் கதவும் பூட்டிய வீட்டில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருந்தது, அதன் வழியாகத்தான் அத்தனை பேர் பிழைத்தார்கள்.

ஜெருக் வியாபாரி
ஞாயிறு, பகல் 1:14

அப்போது சீனி கூடினால் இன்னும் நல்லதுதானே? ஜோடி நிறையக் கிடைக்கும். கோலா கொடுத்துவிடலாமே, என் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டால் கோலாதான் கேட்பார்கள்.

ராத்திரி ஷிஃப்ட் மிஸ்ஸி
ஞாயிறு, பகல் 2:50

தூங்கி எழுந்து பார்த்தால் இது! அண்ணே, வேண்டவே வேண்டாம். காலையில் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது நீங்களே பதில் ஆகிவிட்டீர்கள். கதவுக்கு ஒரு வேகம் உண்டு, அதைத் தாண்டிச் சீனி வந்தால் மீதி குடலிலேயே நிற்கும். நின்றால் உங்கள் மாங்காய் கதைதான், இரத்தத்திலிருந்து தண்ணீர் குடலுக்குள் இறங்கும், போக்கு கூடும். இரத்தத்தின் கரைசல் அடர்த்தி, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் கணக்கு, லிட்டருக்கு 290 மில்லி ஆஸ்மோல் அளவு. கோலா அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே, அதில் சோடியமோ ஒன்றுமில்லாத மாதிரி. பழைய ஓஆர்எஸ்ஸே 311ஆக இருந்தது. 2002இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை 245ஆகக் குறைத்தது, சோடியம் 75, க்ளூக்கோஸ் 75, துகள் கணக்கில் இரண்டும் சமம். அந்தச் சமம் தற்செயலாக வந்தது இல்லை.

இளநீரும் கேட்பீர்கள் என்று தெரியும். நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் ரொம்பக் குறைவு. ஓஆர்எஸ்ஸுக்கு ஈடாகாது. பொட்டலம் கிடைக்காத ராத்திரியில் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கலக்கியபின் ருசி பாருங்கள், கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல்
ஞாயிறு, பகல் 3:22

எங்கள் பாட்டி எஸ்டேட்டில் இருந்த காலத்தில் வயிற்றுப்போக்கு என்றால் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர்தான். அவருக்குச் சோடியமும் தெரியாது, கதவும் தெரியாது.

ஆய்வகத் தாத்தா
ஞாயிறு, மாலை 4:05

பாட்டிக்கு ஒரு கும்பிடு. கஞ்சியில் இருக்கும் மாவு என்பது க்ளூக்கோஸைக் கோர்த்த நீளமான மாலை. ஆயிரம் மணி ஒரே மாலையில் இருந்தால் தண்ணீருக்கு அது ஒரே ஒரு துகள், அதனால் ஜெருக் வேலை செய்யாது. குடலில் நொதி ஒவ்வொரு மணியாக உதிர்க்க, உதிர்ந்த மணி உடனே கதவுக்குப் போய்விடும். காலராவுக்கு அரிசி மாவு சேர்த்த ஓஆர்எஸ் நன்றாகவே வேலை செய்கிறது. இதில் ஒன்றும் மாயமில்லை.

தண்ணீர் பற்றியும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன், யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். தண்ணீர் கொழுப்புச் சவ்வில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், ஆனால் சிறுநீரகத்திலும் சிவப்பணுவிலும் போகிற வேகத்துக்கு அந்தக் கசிவு போதாது. பீட்டர் ஆக்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி ரீசஸ் இரத்த வகைப் புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அழையா விருந்தாளியாக இன்னொரு புரதம் வந்துகொண்டே இருந்தது. 1992இல் அதற்கான ஆர்என்ஏவைத் தவளை முட்டைக்குள் செலுத்தி, நீர்த்த கரைசலில் போட்டார்கள். சாதாரண முட்டை சும்மா கிடந்தது, இது வீங்கி வெடித்தது. அக்வாபோரின் என்று பெயர் வைத்தார்கள், ஒரு வாசலில் விநாடிக்கு 300 கோடித் துகள் வரை தண்ணீர் போகும். 2003இல் நோபல். பள்ளியில் நான் காட்டியதெல்லாம் வடிநீரில் ஒரு சொட்டு இரத்தம் விட்டால் கலங்கல் மறைந்து சர்பத் மாதிரித் தெளிவாகும் காட்சிதான். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அத்தனை சிவப்பணுவும் வெடித்திருக்கும்.

பாயான்பாரு அம்மா
ஞாயிறு, மாலை 5:30

கதவு கதை வேலை செய்தது! "ஜோடி இல்லாமல் உள்ளே விடமாட்டான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அரை லிட்டர் குடித்துவிட்டார். ஆனால் இப்போது வேறு பயம். சீனி குத்திப் பார்த்தேன், 7.9 மில்லிமோல், அது பரவாயில்லை. அவர் காலையில் போடும் மாத்திரை அட்டையில் பெயர் '...ஃப்ளோசின்' என்று முடிகிறது. அதைக் கொடுத்தபோது சீனியைச் சிறுநீரில் போக வைக்கும் மாத்திரை என்று டாக்டர் சொன்ன ஞாபகம். நேற்றும் இன்றும் போட்டிருக்கிறார். அதற்கும் இந்தக் கதவுக்கும் சம்பந்தம் உண்டா?

ராத்திரி ஷிஃப்ட் மிஸ்ஸி
ஞாயிறு, மாலை 5:41

அக்கா, இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்! நானும் கேட்டிருக்க வேண்டும், என் தப்பும்தான். அந்த மாத்திரை அதே குடும்பத்துக் கதவை அடைக்கிறது, ஆனால் சிறுநீரகத்தில் இருப்பதை, எஸ்ஜிஎல்டி2. ஒரு நாளில் சிறுநீரகம் வடிகட்டும் 180 லிட்டரில் போகும் க்ளூக்கோஸைப் பெரும்பாலும் இந்தக் கதவுதான் திரும்ப எடுத்துவைக்கிறது. அதை அடைத்தால் சீனி சிறுநீரில் போகும், சீனி போனால் கூடவே தண்ணீரும் போகும். வயிற்றிலும் போய், சிறுநீரிலும் போனால் என்ன ஆகும்? அதைவிட முக்கியம், சரியாகச் சாப்பிடாமல் இருக்கும்போது இந்த மாத்திரை தொடர்ந்தால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம், சீனி அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ஏறலாம். வாந்தி பேதி நாட்களில் இதைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். மெட்ஃபார்மின் என்ற இனிப்பு நீர் மாத்திரையும் போடுகிறாரா? இரண்டு அட்டையையும் கையில் வைத்துக்கொண்டு இப்போதே கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். ஞாயிறு மூடியிருந்தால் அவசரப் பிரிவு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகம் இருந்தால் போன் வேண்டாம், நேரே போங்கள்.

குழம்பிய படிவம் நாலு
ஞாயிறு, மாலை 5:55

தாத்தா நலமாக இருக்கட்டும். 🙏 பம்ப்பையே அடைக்கிற மருந்தும் உண்டா டீச்சர்?

டியூஷன் ஆசிரியை, பட்டர்வொர்த்
ஞாயிறு, மாலை 6:20

உண்டு. இதயத்துக்குக் கொடுக்கும் டிஜாக்சின் அந்தச் சோடியம் பம்ப்பைத்தான் மட்டுப்படுத்துகிறது, மிகச் சிறிய அளவில். கோவில் வாசலில் நிற்கும் அரளியின் நஞ்சும் அதே பம்ப்பைத்தான் பிடிக்கிறது. அதனால்தான் அரளியைத் தின்றவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. வயிற்று எரிச்சலுக்கு வீட்டில் போடும் ஒமிப்ரசோல் அடைப்பது வேறு பம்ப், இரைப்பையில் அமிலத்தைத் தள்ளுவது. சரி, நீ போய் உருளைக்கிழங்கு வரைபடத்தை முடி. 4.6 வந்ததற்குக் காரணம் எழுதும்போது "உப்பு இழுத்தது" என்று எழுதாதே, அது சுக்ரோஸ்!

பாயான்பாரு அம்மா
ஞாயிறு, இரவு 8:47

போன் எடுத்தார்கள். இரண்டு மாத்திரையையும் நிறுத்திவைக்கச் சொல்லி, நாளைக் காலை இரத்தம் எடுக்க வரச் சொன்னார்கள். வாந்தி இல்லை, மூச்சு நன்றாக இருக்கிறது. மத்தியானத்திலிருந்து இரண்டு தடவைதான் போயிருக்கிறார், சிறுநீரும் போகிறார். மிஸ்ஸி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் உப்புக் கஞ்சி கொடுத்தேன், முழுக் கிண்ணமும் காலி. இப்போது அவர் என்னைத் தட்டச்சு செய்யச் சொல்வது: "ஜெருக் கடைத் தம்பியிடம் மாங்காய் இருக்கிறதா என்று கேள்."

ஜெருக் வியாபாரி
ஞாயிறு, இரவு 9:03

இருக்கிறது ஐயா. இரத்தம் எடுத்து, டாக்டர் சரி என்று சொல்லட்டும். சீனி போடாமல் உப்பு மட்டும் போட்டு ஒரு டப்பா தனியாக எடுத்து வைக்கிறேன்.